திகதி இல்லாத போத்தல்: ரேடியேற்றருக்குள் நாம் ஊற்றுவது என்ன?

சித்திரை வெயிலில் ஏ9 வீதியால் போய்வருபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் எங்கோ ஓர் இடத்தில், ஒரு ஹயஸ் வானோ பட்டா வாகனமோ பொனற்றைத் திறந்தபடி நிற்கும். உள்ளேயிருந்து ஆவி கிளம்பும். சாரதி ஒரு துணியை மடித்துக் கையில் பிடித்தபடி ரேடியேற்றர் மூடிக்குப் பக்கத்தில் தயங்கி நிற்பார். பயணிகளில் ஒருவர் தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டுவார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அந்தத் தண்ணீரை ஊற்றி, வாகனம் மெதுவாக வவுனியா நோக்கி நகரும்.

அன்றைய பயணம் முடிந்துவிடும். ஆனால் அந்த எஞ்சினின் கணக்கு அங்கே முடிவதில்லை. சில வாரங்களின் பின் ஹெட் காஸ்கற் போய்விட்டது, ஹெட் வளைந்துவிட்டது என்ற செய்தியோடு வாகனம் கராஜில் நிற்கும். லீசிங் தவணை மட்டும் நிற்காது.

இதே ஆட்கள் கராஜில் கேட்கும் ஒரு சின்னக் கேள்வியிலிருந்து இந்தக் கட்டுரை தொடங்குகிறது. வீட்டின் பின்பக்கம் இரண்டு, மூன்று வருடமாக ஒரு கூலன்ட் கான் கிடக்கிறது, அதை இப்போது ஊற்றலாமா? சிலர் கூலன்ட் பழுதாகாது என்கிறார்கள். சிலர் வருடம் கழிந்தால் விஷம் என்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல. சரியான பதிலைத் தேடிப் போனால், அது எஞ்சினோடு மட்டும் நிற்கவில்லை. நாம் வாழ்ந்த காலம், நம் கிணறுகள், நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேரும் பொருட்கள் என்று நீள்கிறது.

பழுதாவது எது?

கூலன்டில் மூன்று பொருட்கள் இருக்கின்றன: தண்ணீர், கிளைக்கோல், அரிப்பைத் தடுக்கும் இரசாயனங்கள். பெரும்பாலான கூலன்ட்களில் இருப்பது எதிலீன் கிளைக்கோல். குளிர்நாடுகளில் இதன் முதல் வேலை தண்ணீர் உறையாமல் பார்ப்பது. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ மறை 37 பாகை செல்சியஸ் வரை அது உறையாது. நுவரெலியாவில்கூட இதற்கு வேலையில்லை. அதனால்தான் நம்மூருக்குக் கூலன்ட் எதற்கு, தண்ணீர் போதும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது.

உண்மையில் வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தனித் தண்ணீர் கிளைக்கோலைவிடச் சிறந்தது. ஆனால் தண்ணீர் உலோகத்தை அரிக்கும், விரைவில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை சாதாரண அழுத்தத்தில் 107 பாகை அளவில்தான் கொதிக்கத் தொடங்கும். ரேடியேற்றர் மூடியின் அழுத்தமும் சேரும்போது இந்த எல்லை இன்னும் மேலே போகும். ஆகவே வடக்கில் ஓடும் ஒரு வாகனத்துக்குக் கூலன்ட் செய்யும் பெரிய வேலை, எஞ்சினின் உட்புறம் அரிபடாமல் காப்பது. அந்த வேலையைச் செய்பவை ஒரு கானில் சில வீதம் மட்டுமே இருக்கும் அரிப்புத் தடுப்பான்கள்.

மூடிய கானுக்குள் கிளைக்கோல் பல வருடம் அப்படியே இருக்கும். அது பால் அல்ல, திரிவதற்கு. மாறக்கூடியது தடுப்பான்கள்தான். பழைய பச்சை வகைக் கூலன்ட்களில் சிலிக்கேற் என்ற தடுப்பான் இருக்கும். நெடுங்காலம், அதுவும் சூட்டில் இருந்தால் அது கூழாகத் திரண்டு அடியில் படியக்கூடும். அப்படித் திரண்டது ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். கரிம அமில வகை எனப்படும் புதிய கூலன்ட்களில் இந்தச் சிக்கல் குறைவு.

இதனால்தான் உற்பத்தியாளர்கள் எல்லோரும் ஒரே காலத்தைச் சொல்வதில்லை. மூடி திறக்காத கானுக்குச் சிலர் இரண்டு, மூன்று வருடம் என்கிறார்கள். பலர் ஐந்து வருடம் வரை தருகிறார்கள். அதற்கு மேலும் சொல்பவர்கள் உண்டு. எல்லோரும் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், வெயில் படக்கூடாது, கடும் சூட்டில் வைக்கக்கூடாது. நம்மூரில் தகரக் கூரைக்குக் கீழே, அல்லது கடை வாசலில் காட்சிக்காக அடுக்கப்பட்ட கான் இந்த நிபந்தனையில் எதையும் நிறைவேற்றுவதில்லை.

மூடி திறந்த கானின் கதை வேறு. கிளைக்கோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தூசி சேரும். தண்ணீர் கலந்து வைத்தது என்றால், கலந்த தண்ணீரின் தரமே அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். எஞ்சினுக்குள் போன பிறகு ஓடும் கடிகாரம் இன்னும் வேகமானது. சூட்டிலும் காற்றிலும் கிளைக்கோல் மெல்ல அமிலமாக மாறும். தடுப்பான்கள் அந்த அமிலத்தை எதிர்த்து எதிர்த்துத் தீர்ந்துபோகும். பழைய பச்சை வகைக்கு இரண்டு வருடம் அல்லது சுமார் 50,000 கிலோமீற்றர் என்பது பொதுவான கணக்கு. புதிய வகைகளுக்கு ஐந்து வருடம்வரை சொல்கிறார்கள். ரொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்டுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில், பின்னர் ஒவ்வொரு 80,000 கிலோமீற்றரிலும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் சரியான கூலன்ட் சரியாக ஊற்றப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும்.

ஆகவே அந்தப் பின்பக்கத்துக் கானுக்கான பதில் இது. மூடி உடைக்கப்படாமல், நிழலில் இருந்து, ஐந்து வருடத்துக்கு உட்பட்டது என்றால் பெரும்பாலும் பாவிக்கலாம். குலுக்கிவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்கவேண்டும். கூழோ, மண்டியோ, கலங்கலோ இருந்தால் வேண்டாம். திறந்து வருடக்கணக்கானது, எப்போது வாங்கியது என்று தெரியாதது, என்ன தண்ணீர் கலந்தது என்று தெரியாதது ஆகியவற்றை எஞ்சினுக்குள் விடாமலிருப்பதே மலிவு.

கேம்பிரிட்ஜ் காலத்துப் பாடம்

நம் சமூகம் எஞ்சின் பற்றிக் கற்ற பாடங்களில் பெரும்பகுதி பொருளாதாரத் தடைக் காலத்தில் கற்றவை. 1990க்குப் பிறகு பெற்றோலும் டீசலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டிருந்தபோது, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். புகை கண்ணை எரிக்கும். ஆனாலும் நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தன, இடம்பெயர்ந்தவர்களை ஏற்றின. அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறனை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

அந்தக் காலம் இரண்டு பழக்கங்களை நம்மிடம் விட்டுச் சென்றது. ஒன்று, கிடைக்கும்போது வாங்கிச் சேமித்து வைப்பது. நாளை பாதை பூட்டப்படலாம் என்ற பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2002இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் பூட்டப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். மற்றது, இல்லாததற்குப் பதிலாக இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ரேடியேற்றர் என்றால் கிணற்றுத் தண்ணீர் என்பது இந்த இரண்டாவது பழக்கத்தின் ஒரு பகுதி.

அன்று அது தாங்கியது. அதற்குக் காரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் காரின் எஞ்சின் கட்டையும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேற்றர் செம்பும் பித்தளையும். உள்ளே உப்புப் படிந்தால் தொட்டியைக் கழற்றி, கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் ஈயம் வைத்து ஒட்டலாம். துரு பிடித்தாலும் தடித்த இரும்பு பல வருடம் நிற்கும்.

இன்று வீதியில் ஓடுபவை அப்படிப்பட்டவை அல்ல. ஹெட் அலுமினியம். ரேடியேற்றர் மெல்லிய அலுமினியம், அதன் தலையில் பிளாஸ்ரிக் தொட்டி. அலுமினியம், இரும்பு, ஈயப்பற்று எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்தபடி இருக்கும்போது, தடுப்பான் இல்லாவிட்டால் ஓர் உலோகம் மற்றதைத் தின்னும். சூடு கொஞ்சம் மிஞ்சினாலே அலுமினிய ஹெட் வளைந்துவிடும். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் மின்மாற்றிப் பகுதிக்கும் தனியான கூலன்ட் சுற்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால் போவது எஞ்சின் அல்ல, அதைவிட விலைகூடிய பகுதி.

எல்லா எஞ்சினுக்கும் கூலன்ட் தேவை என்று சொல்லவரவில்லை. காற்றில் குளிரும் மோட்டார் சைக்கிளுக்கும் காற்றில் குளிரும் முச்சக்கரவண்டிக்கும் இது வேண்டாம். கரையோரக் கண்ணாடியிழைப் படகின் வெளியிணைப்பு எஞ்சின் கடல்நீரிலேயே குளிர்கிறது. மேலே திறந்த தண்ணீர்த் தொட்டியோடு வரும் ஒற்றைச் சிலிண்டர் லேண்ட்மாஸ்ரர், தண்ணீர் கொதித்து ஆவியாவதாலேயே குளிர்கிறது. பட்டா, வான், பஸ், லொறி, நான்கு சக்கர உழவு இயந்திரம், வைத்தியசாலை ஜெனரேற்றர் ஆகியவற்றைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். பெரிய டீசல் எஞ்சின்களில் இன்னுமொரு ஆபத்தும் உண்டு. அதிர்வினால் சிலிண்டர் உறையின் வெளிச்சுவரில் நுண்குமிழ்கள் வெடித்து வெடித்து ஊசிமுனை ஓட்டைகளை உண்டாக்கும். கனரக எஞ்சினுக்கான கூலன்டில் அதைத் தடுக்கும் பொருட்கள் சேர்க்கப்பட்டிருக்கும். காருக்கு வாங்கிய கூலன்டை பஸ்ஸுக்கு ஊற்றுவது இதனால்தான் சரியல்ல.

கேத்திலில் படியும் அதே வெள்ளை

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் வெள்ளைப் படைதான் ரேடியேற்றருக்குள்ளும் படிகிறது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல் பாறைக்குள் இருந்து வருவது. கல்சியம் நிறைந்தது. கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்திருக்கும். வன்னியின் பல இடங்களிலும் கிணற்று நீர் கடினமானது.

கூலன்டோடு கலக்கும் நீருக்கு எஞ்சின் உற்பத்தியாளர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். கேட்டர்பில்லர் நிறுவனம் லீற்றருக்கு 170 மில்லிகிராம் கடினத்தன்மை, 40 மில்லிகிராம் குளோரைட்டு என்பவற்றை உச்ச எல்லையாகச் சொல்கிறது. குடாநாட்டில் இந்த எல்லையைத் தாண்டும் கிணறுகள் ஏராளம்.

இதில் நம்மவர்கள் பெரிதும் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. இங்கே ஓடும் வாகனங்களில் பெரும்பகுதி ஜப்பானியத் தயாரிப்பு. ஜப்பானியக் கூலன்ட்களில் பொதுவாக பொஸ்பேற் தடுப்பானாகச் சேர்க்கப்படும். மென்மையான தண்ணீரில் அது அலுமினியத்தை நன்றாகக் காக்கும். கல்சியம் நிறைந்த தண்ணீரைக் கண்டால் இரண்டும் சேர்ந்து கல்லாகப் படிந்துவிடும். அதாவது நல்ல விலை கொடுத்து வாங்கிய செறிவான கூலன்டை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கலந்தால், காப்பாற்றவேண்டிய பொருளே அடைப்பாக மாறுகிறது. கலந்து வைத்த கானின் அடியில் சில மாதங்களில் வெள்ளைத் தூள் தெரிந்தால் காரணம் இதுதான். கூலன்ட் காலாவதியானது என்று நாம் கடைக்காரரைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் அதன் ஆயுளைக் குறைத்தது நம் கிணறு.

இதற்கான தீர்வு விலை கூடியதல்ல. கலந்தே வரும் கூலன்டை வாங்கினால் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை. செறிவானதை வாங்கினால் காய்ச்சி வடித்த நீரோடு கலக்கவேண்டும். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று விற்பது அதுதான். பற்றரி அசிட்டோடு அதை மாற்றிவிடாமல் கவனிக்கவேண்டும். சிறுநீரக நோய் காரணமாக வன்னியின் பல கிராமங்களில் அமைக்கப்பட்ட ஆர்.ஓ. நிலையங்களின் தண்ணீரும் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல். எதுவும் கிடைக்காவிட்டால், சுத்தமாகப் பிடித்த மழைநீர். வீதியில் அவசரத்துக்கு ஊற்றிய போத்தல் தண்ணீரைக் குற்றம் சொல்லமுடியாது. வீடு வந்ததும் அதை வடித்துவிட்டுச் சரியான கலவையை ஊற்றாமல் மறந்துபோவதில்தான் பிழை.

ஐந்து வருடம் பூட்டிய கதவு

இந்தச் சின்ன விடயம் இப்போது ஏன் பெரிதாகிறது என்பதற்குக் காரணம் கடந்த சில வருடங்களில் இருக்கிறது. 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த வருடத்தில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரிகளோடு சேர்ந்த விலை, வன்னியில் வாடகைக்கு ஓடி வாழும் குடும்பத்துக்கு எட்டாதது.

விளைவு, 2015 அல்லது 2018இல் வாங்கிய வாகனம் இன்னும் பல வருடம் ஓடியாகவேண்டும். போரின் இறுதி மாதங்களில் உழவு இயந்திரத்தையும் லொறியையும் மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வெளியே வந்தவர்கள் நம் மக்கள். மீள்குடியேறிய பின் லீசிங்கில் எடுத்த வாகனம் அவர்களுக்கு வெறும் வண்டி அல்ல. கொழும்பில் ஒருவருக்கு எஞ்சின் பழுதானால் அது ஒரு செலவு. கிளிநொச்சியில் அதே பழுது தவணை தவறுதல், வாகனம் பறிபோதல், நகை அடகு என்று போகும். பெண் தலைமை தாங்கும் குடும்பத்தில், சாரதியை நம்பி ஓடவிட்ட ஒரே வாகனம் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

செலவை எங்கே குறைப்பது என்ற கேள்வி வரும்போது முதலில் கைவைப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ரயர் தேய்ந்தால் தெரியும். பிரேக் பிடிக்காவிட்டால் தெரியும். கூலன்ட் தேய்ந்தால் தெரியாது. நிறம் அப்படியே இருக்கும், உள்ளே தடுப்பான் தீர்ந்திருக்கும். வாகனம் சூடாகும் நாளில்தான் தெரியவரும்.

நிறத்தை விற்கும் சந்தை

இந்த இடத்தில்தான் சந்தையின் கோளாறு வெளிப்படுகிறது. நல்ல கூலன்ட் கானில் உற்பத்தித் திகதியோ தொகுதி இலக்கமோ இருக்கும். ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற ஜப்பானியத் தரமோ, ஏ.எஸ்.ரி.எம். டி 3306 என்ற அமெரிக்கத் தரமோ, ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தரமோ அச்சிடப்பட்டிருக்கும். கலந்ததா, செறிவானதா என்பது எழுதியிருக்கும். பெரிய கான் வாங்கும் கம்பனிக்கு இவையெல்லாம் கையில் கிடைக்கும்.

ஒரு லீற்றர் மட்டும் வாங்கக் காசு உள்ளவருக்கு அப்படியல்ல. பெரிய கொள்கலனிலிருந்து சிறிய போத்தலுக்கு மாற்றி விற்கும்போது திகதி, தரம், செறிவு எல்லாம் பெரிய கொள்கலனோடேயே நின்றுவிடுகின்றன. போத்தலோடு வருவது நிறம் மட்டும். பச்சை, சிவப்பு, நீலம். நிறத்துக்கு உலகப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரு கம்பனியின் பச்சை இன்னொரு கம்பனியின் பச்சை அல்ல. சாயம் கலந்த தண்ணீரும் பச்சையாகத்தான் இருக்கும். எழுத்து இருக்கும் கானிலும் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ் அரசகரும மொழியாக உள்ள நாட்டில், தமிழில் மட்டும் வாசிக்கத் தெரிந்த சாரதிக்கு அந்தக் கான் ஊமை.

சிறிய போத்தலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எஞ்சினைவிட அது பெரிது. எதிலீன் கிளைக்கோல் இனிக்கும். சிறிய அளவே உடலுக்குள் போனாலும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறிக்கக்கூடியது. 2022இல் கம்பியாவில் குழந்தைகள் இறந்தபோது, இருமல் மருந்தில் கலந்திருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த பொருட்களில் இதுவும் ஒன்று. சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் நிறமான, இனிப்பான ஒரு திரவம் வீட்டுக்குள் வருகிறது என்றால், அதைக் குழந்தை என்னவென்று நினைக்கும்? யாராவது குடித்துவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திருக்கக்கூடாது. முதலில் வெறித்தவர்போலத் தெரிந்து, சிறுநீரகம் பாதிக்கப்படுவது பிறகே தெரியவரும். முறிமருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு வைத்தியசாலைக்குப் போகவேண்டும், கானையும் கொண்டு போகவேண்டும். நாய்க்கும் மாட்டுக்கும்கூட இது விஷம். வடித்த கூலன்டைத் திறந்த வாளியில் விட்டுவைப்பது அதனால்தான் ஆபத்து.

வடித்த பிறகு எங்கே போகிறது?

பழைய கூலன்டைப் பெரும்பாலும் கராஜின் பின்பக்க மண்ணில் ஊற்றுகிறார்கள். கிளைக்கோல் மண்ணில் காலப்போக்கில் சிதைந்துவிடும். ஆனால் எஞ்சினுக்குள் இருந்து அது கூட்டிவந்த ஈயமும் செம்பும் சிதையாது. குடாநாட்டில் மண்படை மெல்லியது, கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக தூரமில்லை. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விடயத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. ஒரு கராஜ் ஊற்றும் நான்கைந்து லீற்றரை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் நூறு கராஜ்கள் பத்து வருடம் ஊற்றினால்? பழைய எஞ்சின் ஒயிலைச் சேர்த்து விற்கிறோம், ஏனென்றால் அதற்கு வாங்குபவர் இருக்கிறார். பழைய கூலன்டுக்கு வாங்குபவர் இல்லை. ஆகவே இது பிரதேச சபைகளும் சுற்றாடல் அதிகாரிகளும் தலையிட்டு வழிசெய்யவேண்டிய விடயம்.

யார் என்ன செய்யலாம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களின் லேபல், பொதியிடல், விலை குறித்தல் தொடர்பாக உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை அந்தச் சபைக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரம் அரிசியிலும் பிஸ்கற்றிலும் பாவிக்கப்படுவதைச் செய்திகளில் படிக்கிறோம். வாகனத் திரவங்கள் மீதும் அது பாயவேண்டும். கேட்பது பெரிய விடயமல்ல. மாற்றி நிரப்பி விற்கும் ஒவ்வொரு போத்தலிலும் உற்பத்தித் திகதி, செறிவு, தரக் குறியீடு, நச்சு எச்சரிக்கை ஆகிய நான்கும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கவேண்டும். குடிபானப் போத்தலில் விற்பது தடுக்கப்படவேண்டும். முறைப்பாடு செய்ய 1977 என்ற இலக்கம் இருக்கிறது. சாரதிகள் சங்கங்களும் தனியார் பஸ் உரிமையாளர் சங்கங்களும் இதைச் சேர்ந்து எழுப்பினால், தனியாளின் முறைப்பாட்டைவிட எடை கூடும்.

அதுவரை காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியவையும் உண்டு.

சந்தேகமான போத்தலுக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. உணவு வைக்காத ஓர் உறைபெட்டியில், பெயர் எழுதிய சிறு குப்பியில் கொஞ்சம் ஊற்றி ஒரு இரவு விட்டால், பாதிக்குப் பாதி கலவை உறையாது. செறிவு குறைந்தது கூழ்போல ஆகும். சாயத் தண்ணீர் கட்டியாக உறைந்துவிடும். உறையாமல் இருப்பது நல்ல கூலன்ட் என்பதற்கு முழுச் சான்று அல்ல, தடுப்பான்கள் இருக்கின்றனவா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. ஆனால் கட்டியாக உறைந்தது கூலன்ட் அல்ல என்பது நிச்சயம். கராஜ் வைத்திருப்பவர்கள் செறிவு பார்க்கும் சிறு ஒளிமுறிவுமானி ஒன்றை வாங்கி வைக்கலாம். இரண்டு துளியில் செறிவு தெரியும். அமிலமாகிவிட்டதா என்பதைச் சோதனைத் தாள் சொல்லும். பி.எச். 7க்குக் கீழே போயிருந்தால் வடிக்கவேண்டிய நேரம்.

ஒரு வகைக் கூலன்டுக்கு மேல் இன்னொரு வகையை ஊற்றக்கூடாது. முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், முழுவதையும் வடித்து, வடித்த நீரால் கழுவி, புதிதாக நிரப்புவது நல்லது. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. மீதியை வாங்கிய கானிலேயே, நிழலில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். நாகம் பூசிய வாளியில் வைக்கக்கூடாது, கூலன்ட் அந்தப் பூச்சோடு வினைபுரியும்.

சேமித்து வைக்கும் பழக்கத்தை நம் மக்களிடம் விடச்சொல்வது நியாயமில்லை. கதவுகள் எத்தனை தடவை பூட்டப்பட்டன என்பது நமக்குத் தெரியும். ஆனால் சேமிப்பதோடு இன்னொரு சிறு வேலையையும் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை ஒரு கான் வாங்கும்போது, அழியாத பேனாவால் அதன்மேல் மூன்று விடயங்களை எழுதுங்கள்: வாங்கிய திகதி, மூடி திறந்த திகதி, கலந்த தண்ணீர் எது. கடை எழுதித்தராத லேபலை நாமே எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று வரியும் இருந்தால், இரண்டு வருடம் கழித்து அந்தக் கானைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போகும்போது, ஊற்றலாமா என்ற கேள்விக்கான பதில் கானிலேயே இருக்கும்.